கல்கத்தாவைத் தெரியாத தரவுத்தளம்

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி எங்கள் அலுவலகம். பதினோரு பேர் வேலை செய்கிறோம். நாலு பேர் தமிழ். மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, ஊருக்குப் போயிருந்த தம்பி ஒருவன் சத்தியமங்கலத்தில் முதல் பஸ் பிடித்து, திம்பம் ஏறி, சாமராஜநகர் வழியாகப் பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தான். மடிக்கணினியைத் திறந்தவன் கால் மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டான்.

“என்னங்ணா இது, நம்ம டேட்டாபேஸுக்குக் கல்கத்தாவே தெரியாதாமா?”

திரையில் ஒரே ஒரு வரி. டைம்ஸோன் என்ற அமைப்புக்கு ‘ஏசியா/கல்கத்தா’ செல்லாத மதிப்பு, ஆகவே இணைக்க முடியாது என்று எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் கையை விரித்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஓடிக்கொண்டிருந்த நிரல் அது. நடுவில் நடந்தது ஒன்றுதான்: சோதனைக்கென்று வைத்திருந்த போஸ்ட்கிரெஸ்ஸின் டாக்கர் இமேஜை அவன் புதிதாக இறக்கியிருந்தான். எங்கள் நிரலை முழுக்கத் தேடினோம். கல்கத்தா என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

பிறகு எங்கிருந்து வந்தது? அவன் மடிக்கணினியில் விண்டோஸ். அதற்கு நம் நேரத்தின் பெயர் ‘இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்’. எங்கள் நிரலை ஓட்டும் ஜாவா அதை வாங்கி, தன்னிடமுள்ள ஒரு மாற்றுப் பட்டியலைப் பார்த்து ‘ஏசியா/கல்கத்தா’ என்று ஆக்குகிறது. போஸ்ட்கிரெஸ்ஸோடு பேசும் ஜேடிபிசி டிரைவர், இணைப்பு கேட்கும்போதே “நான் இந்த நேரத்தில் இருக்கிறேன்” என்று அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறது. எதிர்ப்பக்கம் சர்வர், ஏசியா என்ற அடைவைத் திறந்து கல்கத்தா என்ற கோப்பைத் தேடுகிறது. லினக்ஸில் ஒவ்வொரு நேர மண்டலமும் ஒரு கோப்பு. கொல்கத்தா இருக்கிறது. கல்கத்தா இல்லை.

முன்பு இருந்தது. நகரம் 2001-இல் கொல்கத்தா ஆனது. உலகம் முழுக்கப் பயன்படும் நேர மண்டலத் தரவும் பின்னால் அந்தப் பெயருக்கு மாறியது. பழைய பெயரைத் தூக்கியெறியாமல் புதிய பெயருக்கு ஓர் இணைப்பாக வைத்துக்கொண்டார்கள். கதவில் பழைய பெயர்ப்பலகையும் தொங்கும், தட்டினால் அதே வீடு திறக்கும். 2025-இல் வந்த டெபியன் லினக்ஸ் 13, இத்தகைய பழைய பெயர்ப்பலகைகளையெல்லாம் கழற்றித் தனி மூட்டையாகக் கட்டி, வேண்டுமென்பவர்கள் நிறுவிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. புதிய டாக்கர் இமேஜ் அதன்மேல் எழுப்பியது. மூட்டை அதில் இல்லை.

இதில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. போஸ்ட்கிரெஸ்ஸின் மூலநிரலோடு நேர மண்டலத் தரவின் ஒரு பிரதி கூடவே வருகிறது. அதில் கல்கத்தா இருக்கிறது. மூலநிரலை எடுத்து அப்படியே கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்கியிருந்தால் அந்தத் தம்பிக்குத் திங்கட்கிழமை நிம்மதியாகப் போயிருக்கும். ஆனால் டெபியனுக்காகப் பில்டு செய்பவர்கள், “உன் பிரதியை விட்டுவிடு, கணினியில் உள்ள நேரத் தரவையே எடுத்துக்கொள்” என்ற பில்டு விருப்பத்தைப் போட்டுக் கம்பைல் செய்கிறார்கள். அதற்கு நியாயம் உண்டு. உலகத்தில் ஏதாவது ஒரு நாடு வருடத்துக்குச் சில முறை நேர விதியை மாற்றுகிறது. அதற்காகத் தரவுத்தளத்தின் அடுத்த வெளியீடு வரும்வரை காத்திருக்க முடியாது.

கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று நேராக எழுதிவிட்டால் போயிற்று, இதற்கு இவ்வளவு சுற்றா என்று கேட்கலாம். இலங்கைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1996 மே மாதம்வரை அங்கேயும் ஐந்தரைதான். அந்த மாதம் ஒரே தாவலில் ஆறரை, அக்டோபரில் ஆறு, 2006 ஏப்ரலில் திரும்பவும் ஐந்தரை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நீடித்ததால், ஒரே தீவில் அரை மணி வித்தியாசத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. கொழும்பில் யாராவது 1995-இல் ஐந்தரையை நிரலுக்குள் எழுதியிருந்தால், அடுத்த வருடமே உட்கார்ந்து தேடித் தேடித் திருத்தியிருப்பார்.

நிரலுக்குள் நேராக எழுதி வைக்கும் மதிப்பை எங்கள் தொழிலில் ஹார்டுகோடு என்போம். வெளியிலிருந்து மாற்றும்படி விட்டுவைத்தால் அது கான்ஃபிக். ஹார்டுகோடு பாவம், கான்ஃபிக் புண்ணியம் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தரவுத்தள மென்பொருளின் உள்ளே போய்ப் பார்த்தால் அது அவ்வளவு எளிதில்லை. ஒரு மதிப்பை எப்போது முடிவு செய்கிறோம், முடிவு செய்ததை எங்கே எழுதி வைக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஊரிலிருந்து வடமேற்கே இருபது கிலோமீட்டர் போனால் இதற்குக் கல்லால் கட்டிய ஓர் உதாரணம் நிற்கிறது. காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை. 1911-இல் வேலை தொடங்கியபோது, சென்னை மாகாண அரசின் எதிர்ப்பால், முதல் கட்டமாக 80 அடிக்குத்தான் அனுமதி. தலைமைப் பொறியாளராக இருந்த விசுவேசுவரய்யா மனத்தில் வைத்திருந்தது அதைவிட மிக உயரமான அணை. அடித்தளத்தை அந்த முழு உயரத்துக்குத் தகுந்த அகலத்தில் போட்டார்கள். சென்னை சும்மா இருக்குமா? விவகாரம் நடுவரிடம் போய், 1914-இல் தீர்ப்பு வந்து, அதுவும் ஒத்துவராமல், 1924-இல் ஒப்பந்தத்தில் முடிந்தது. அந்த ஒப்பந்தத்தின் மீதி வழக்கு நமக்குத் தெரிந்ததே. அதை இங்கே பேசப்போவதில்லை. 1931-இல் முடிந்த அணையின் முழு நீர்மட்டம் 124.8 அடி. உயரத்தை அப்புறம் ஏற்றலாம். அடித்தள அகலத்தை அப்புறம் ஏற்ற முடியாது. எது அப்புறம் மாறாதோ அதைத்தான் முதல் நாளே தாராளமாகப் போட்டார்கள். மதகு மட்டும் தினமும் ஏறும், இறங்கும்.

தரவுத்தளத்தின் அடித்தளம், பக்கம். வட்டில் தரவு எழுதப்படுவது வரி வரியாக அல்ல. பேரேட்டைப் போலப் பக்கம் பக்கமாக. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பக்கம் 8,192 பைட். இது பில்டு செய்யும்போது முடிவாகும் மதிப்பு. 1, 2, 4, 8, 16, 32 கிலோபைட் என்று ஏதாவது ஒன்றைக் கேட்டுக் கம்பைல் செய்யலாம். 64 கேட்டால் கிடைக்காது. பக்கத்துக்குள் ஒவ்வொரு வரியும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று குறித்துவைக்க 15 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 15 பிட்டில் எண்ணக்கூடியது 32,768 இடம். மாற்றலாம் என்று நமக்குத் திறந்துவிட்ட கதவுக்குப் பின்னால் மாறாத சுவர் ஒன்று இருக்கிறது.

8 கிலோபைட் பக்கத்தில் நிறுவி ஒரு வருடம் தரவு சேர்த்த பிறகு, யாரோ ஒருவர் 32 கிலோபைட்டுக்குக் கம்பைல் செய்த சர்வரைக் கொண்டுவந்து அதே கோப்புகள்மேல் ஓட்டினால் என்ன ஆகும்? ஓடவே ஓடாது. தரவுத்தளத்தை முதன்முதலில் உருவாக்கும்போது, எந்த அளவுகளோடு உருவானது என்று ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பில் போஸ்ட்கிரெஸ் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தன் உடம்பில் கம்பைல் ஆன அளவை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகவில்லையென்றால் இரண்டு எண்களையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். முரட்டுத்தனமாகத் தெரியலாம். 8 கிலோபைட் பக்கங்களை 32 என்று நினைத்துப் படித்து நாலு வாடிக்கையாளரை ஒருவராக்கிக் குழப்புவதைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல்.

எஸ்கியூலைட் வேறு வழியில் போனது. நம் கைப்பேசிக்குள் எத்தனையோ செயலிகள் வைத்திருக்கும் தரவுத்தளம் அது. அதில் பக்க அளவு மென்பொருளில் உறைவதில்லை. தரவுக் கோப்பின் முதல் 100 பைட் தலைப்பிலேயே, 16, 17-ஆம் இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கருவியில் பில்டு செய்த எஸ்கியூலைட்டாக இருந்தாலும் கோப்பைத் திறந்து, “உன் பக்க அளவு என்ன?” என்று அதனிடமே கேட்டுக்கொள்ளும். 2016-இல் இயல்பான பக்க அளவை 1,024-இலிருந்து 4,096-க்கு மாற்றியபோது பழைய கோப்புகள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தலைப்பில் ஒதுக்கியது இரண்டு பைட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. பின்னால் 65,536 பைட் பக்கமும் வேண்டும் என்று வந்தபோது ஒரே ஒரு எண் இடிக்கிறது. கோப்பின் வடிவத்தையே மாற்ற மனமில்லாமல், “அந்த இடத்தில் 1 என்று இருந்தால் 65,536 என்று படித்துக்கொள்” என்று வைத்துவிட்டார்கள். நம்மூர்க் கடைக்காரர்கள் கணக்கு நோட்டில் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் குறி மாதிரி.

இனி தமிழுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ்ஸில் அட்டவணைக்கோ பத்திக்கோ வைக்கும் பெயர் 63 பைட்டுக்குமேல் போகக்கூடாது. மூலநிரலில் 64 என்று எழுதியிருக்கிறது. முடிவைக் குறிக்க ஒரு பைட் போக மிச்சம் 63. இதற்குப் பில்டு விருப்பம்கூடக் கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் தலைப்புக் கோப்பைத் திறந்து எண்ணைத் திருத்தி, எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 2002-இல் வந்த 7.3 பதிப்புக்கு முன்னால் இது 32 ஆக இருந்தது.

ஆங்கிலத்தில் 63 எழுத்து என்பது தாராளம். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், கன்னடத்துக்கும் அப்படியே. அதுவும் நாம் ஓரெழுத்து என்று சொல்லும் ‘டி’ உண்மையில் ட, கொக்கி என்று இரண்டு குறி, ஆறு பைட். 63-ஐ மூன்றால் வகுத்தால் 21 குறி. அவ்வளவுதான் இடம்.

ஒரு மதிய வேளையில் சும்மா முயன்று பார்த்தேன். ‘வாடிக்கையாளர்_முகவரி_பட்டியல்’ என்று ஓர் அட்டவணை. வாடிக்கையாளர் 13 குறி, 39 பைட். அடிக்கோடு ஒன்று. முகவரி 18. இன்னோர் அடிக்கோடு. ஆக 59. அடுத்த ‘ப’ வந்ததும் 62. அதற்கு மேல் மூன்று பைட்டுக்கு இடமில்லை. போஸ்ட்கிரெஸ் பிழை என்று சொல்லவில்லை. பெயரைச் சுருக்கிவிட்டேன் என்று ஓர் அறிவிப்பை மட்டும் காட்டிவிட்டு, ‘வாடிக்கையாளர்_முகவரி_ப’ என்ற அட்டவணையை உருவாக்கியது. எழுத்தை நடுவில் அறுக்காமல் முழுக் குறியாக நிறுத்தியதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு ‘வாடிக்கையாளர்_முகவரி_பழையது’ என்று இரண்டாவது அட்டவணை கேட்டேன். ஏற்கெனவே இருக்கிறது என்றது! பட்டியலும் பழையதும் ‘ப’விலேயே முடிந்துபோனதால் அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அறிவிப்பு வரியைக் கவனிக்காமல் விட்டவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆரக்கிளில் 12.2 பதிப்புக்கு முன்புவரை எல்லை 30 பைட். அதில் ‘வாடிக்கையாளர்’ என்ற ஒற்றைச் சொல்லே அடங்காது. பிறகு 128 ஆக்கினார்கள். மைஎஸ்கியூஎல் 64 என்று வைத்தது, ஆனால் எண்ணுவது பைட்டை அல்ல, குறியை. எண் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எண்ணுகிறோம் என்பதில் தமிழுக்கு மூன்று மடங்கு இடம் கூடிவிட்டது. ஹார்டுகோடு செய்பவர் ஓர் எண்ணை மட்டும் உறையவைப்பதில்லை. அந்த நேரத்தில் தன் கண்முன் இருந்த எழுத்தையும் சேர்த்தே உறையவைக்கிறார்.

சரி, 64-ஐ 256 ஆக்கிக் கம்பைல் செய்தால் என்ன? செய்யலாம். போஸ்ட்கிரெஸ்ஸின் உள் பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் நீளம் எதுவானாலும் 64 பைட் அப்படியே ஒதுக்கப்படுகிறது. எல்லா அட்டவணைகளின் எல்லாப் பத்திகளும் அதில் அடக்கம்; நாலு மடங்கு என்றால் வட்டிலும் நினைவகத்திலும் அந்த வீக்கம் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. போஸ்ட்கிரெஸ்ஸோடு சேர்த்து ஓட்டும் நீட்சிகள் தனித்தனியாகக் கம்பைல் ஆனவை. ஏற்றும்போது சர்வர் ஒவ்வொன்றிடமும் அடையாள அட்டை கேட்கும்: எந்தப் பதிப்புக்குக் கம்பைல் ஆனாய், பெயர் நீளம் என்ன, ஒரு செயல்கூறுக்கு எத்தனை உள்ளீடு, ஒரு சுட்டுவரிசையில் (இண்டெக்ஸ்) எத்தனை பத்தி. ஒன்று மாறினாலும் உள்ளே விடாது. 256 என்று மாற்றியவர் இனிமேல் ஒவ்வொரு நீட்சியையும் தானே கம்பைல் செய்து, ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்துக்கும் மறுபடி கம்பைல் செய்து, காலம் முழுக்கத் தனிக்குடித்தனம் நடத்த வேண்டும். பில்டு அமைப்பு கொடுக்கும் சுதந்திரத்துக்கு இதுதான் வாடகை.

போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவேட்டுக் கோப்பு ஒவ்வொன்றும் 16 மெகாபைட். இது நெடுங்காலம் பில்டு விருப்பமாகவே இருந்தது. பெரிய சுமையைத் தாங்கும் இடங்களில் 16 போதவில்லை. கோப்புகள் ஈசல் போலப் பெருகின. ஆனால் எல்லாரும் பில்டு செய்துகொள்வதில்லை. யாரோ பில்டு செய்ததை வாங்கி ஓட்டுகிறார்கள். 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பில் இந்த முடிவைப் பில்டு செய்பவர் கையிலிருந்து எடுத்து, தரவுத்தளத்தை முதன்முதலில் உருவாக்குபவர் கையில் கொடுத்தார்கள். 1 மெகாபைட்டிலிருந்து 1 ஜிகாபைட்வரை, இரண்டின் அடுக்காக எதுவும் கேட்கலாம். மேஸ்திரியிடமிருந்து வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்த முடிவு. வீடு கட்டின பிறகு நினைத்தபோதெல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது என்பது மட்டும் மாறவில்லை.

அப்படிப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ்ஸின் ஒவ்வொரு அமைப்பும் ஏதோ ஒரு படியில் நிற்கிறது. சில பில்டு செய்யும்போது, சில உருவாக்கும்போது, சில சர்வரை நிறுத்திக் கிளப்பும்போது, சில ஓடும்போதே கோப்பை மறுபடி படிக்கச் சொன்னால், சில ஒருவருடைய இணைப்புக்குள் மட்டும். எது எந்தப் படி என்று அதன் அமைப்புப் பட்டியலில் ஒரு தனிப் பத்தியே இருக்கிறது. பக்க அளவுக்கும் பெயர் நீளத்துக்கும் நேரே ‘உள்ளுக்குள்ளானது’ என்று எழுதியிருக்கும். பார்க்கலாம், தொட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த பத்தி அது. மாற்ற முடியாததை ஒளித்துவைக்காமல், இதோ இது, இதன் மதிப்பு இவ்வளவு என்று வெளியே காட்டுவது ஒரு நாகரிகம்.

ஒளிந்திருந்து தொல்லை தருவதற்கு நல்ல உதாரணம் 191. கொஞ்சம் பழைய இணையதளங்களின் தரவுத்தளத்தைத் திறந்தால், பத்தியின் நீளம் 191 எழுத்து என்று இருக்கும். நூறில்லை, இருநூறில்லை, 191. மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று பெயர் வைத்திருந்த முறை, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்குமேல் தராது. சுட்டுவரிசையின் எல்லை 767 பைட். மூன்றால் வகுத்தால் 255 எழுத்து. எல்லாரும் 255 என்று எழுதி நிம்மதியாக இருந்தார்கள். பிறகு எமோஜி வந்தது. அதற்கு நாலு பைட். நாலு பைட் தாங்கும் புதிய முறையை 2010-இல் கொண்டுவந்தார்கள். 767-ஐ நாலால் வகுத்தால் 191, மிச்சம் மூன்று. பல ஆயிரம் நிரல்களில் 255-ஐ அழித்து 191 என்று எழுதினார்கள். மைஎஸ்கியூஎல் 5.7-இல் அந்த எல்லையே இயல்பாக 3,072 பைட் ஆகிவிட்டது. காரணம் போய்விட்டது, 191 இன்னும் இருக்கிறது. அம்மை ஆறின பிறகும் தழும்பு இருப்பது மாதிரி.

தமிழ் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடும், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16-இல் ஒரு பங்கு. ஓலையிலும் பழைய பத்திரங்களிலும் இவற்றுக்குத் தனிக் குறிகள் உண்டு. 2019-இல் யூனிகோடு 12 இந்தப் பின்னக் குறிகளையும், பழைய நாணய, அளவைக் குறிகளையும் சேர்த்து 51 குறிகளைத் தமிழுக்கெனத் துணைப் பகுதியாக ஏற்றது. அந்தப் பகுதி இருக்கும் இடம் மேல்தளம்; ஒவ்வொன்றும் நாலு பைட். பழைய மூன்று பைட் முறையில் இருக்கும் மைஎஸ்கியூஎல்லில் ஒரு நிலப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து மாகாணிக் குறியைப் போட்டால், கண்டிப்பாக இருக்கும்படி அமைத்திருந்தால் பிழை வரும். தளர்த்தி அமைத்திருந்தால் அந்தக் குறியோடு வாக்கியம் துண்டிக்கப்பட்டுவிடும். ‘இவருக்குப் பாத்தியப்பட்டது’ என்பது வரைக்கும் இருக்கும், எவ்வளவு என்பது இருக்காது.

மாற்றும்படி வைத்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடுமா என்றால், அதற்கும் இந்த ஊரில் ஒரு சாட்சி உண்டு. 2016 நவம்பர் 8 இரவு பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்தது. 2,000 ரூபாய் நோட்டுகள் மைசூருவில் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவன அச்சகத்திலும் அச்சானவை. பழைய ஆயிரம் ரூபாய் நோட்டு 177-க்கு 73 மில்லிமீட்டர். புதிய இரண்டாயிரம் 166-க்கு 66. ஏடிஎம்முக்குள் நோட்டு வைக்கும் பெட்டி பழைய அளவுக்குப் பொருத்தப்பட்டது. பெட்டியை மாற்றிப் பொருத்தலாம், மென்பொருளில் மதிப்பையும் மாற்றலாம், எதுவும் உறைந்துபோனதில்லை. ஆனால் நாடு முழுக்க சுமார் இரண்டு லட்சம் இயந்திரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் நேரில் போய்க் கதவைத் திறக்க வேண்டும். நோட்டு தயார், வரிசை தயார், நடுவில் இயந்திரம் தயாரில்லை. அந்த வாரங்களில் வரிசையில் நின்றவர்களுக்கு, ‘மாற்றலாம்’ என்பதற்கும் ‘மாற்றியாயிற்று’ என்பதற்கும் உள்ள தூரத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் மாற்றும்படி வைப்பதற்கு இன்னொரு விலை, சோதனை. ‘ஆம், இல்லை’ என்று பத்து விருப்பம் இருந்தால் 1,024 விதமான மென்பொருள் பிறக்கிறது. இருபது இருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தனையையும் யாரும் சோதிப்பதில்லை. இயல்பாக உள்ளதும் இன்னும் சிலவும்தான் உண்மையில் சோதிக்கப்பட்டவை. போஸ்ட்கிரெஸ்ஸில் 300-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் நான் வாழ்நாளில் தொட்டது இருபதைத் தாண்டாது. மற்றவற்றில் யாரோ எப்போதோ ஊகித்து வைத்த மதிப்பை நம்பித்தான் காலம் ஓடுகிறது. இயல்பு மதிப்பும் ஒருவகை ஹார்டுகோடுதான், கொஞ்சம் மரியாதையாக எழுதியது.

பெயர் விஷயத்தில் ஊருக்கு இருக்கும் பக்குவம் எங்கள் தொழிலுக்கு இன்னும் வரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று கர்நாடகத்தில் 12 ஊர்களின் பெயர் மாறியபோது மைசூர் மைசூரு ஆனது. 1916-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்னும் மைசூர்ப் பல்கலைக்கழகமே. இனிப்புக் கடையில் மைசூரு பாகு என்று கேட்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அஞ்சல் எண் 570001 அப்படியே நிற்கிறது. 2022 அக்டோபரில் திப்பு எக்ஸ்பிரஸ் உடையார் எக்ஸ்பிரஸ் ஆனபோது அரசியல் சூடாகவே இருந்தது. 12613, 12614 என்ற ரயில் எண்களைத் தொடவில்லை. மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, கீழே ஓடும் எண் ஒன்று. முன்பதிவு மென்பொருள் எண்ணைப் பிடித்துக்கொண்டதால் பயணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘ஏசியா/கல்கத்தா’ அப்படிப் பெயராகவும் எண்ணாகவும் ஒரே நேரத்தில் இருக்கப் பார்த்தது. மொழி, வட்டாரத் தகவல்களைப் பராமரிக்கும் யூனிகோடு தரவில் இன்றும் அடையாளம் கல்கத்தாதான். ஒருமுறை வைத்த அடையாளத்தை மாற்றுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. நேர மண்டலத் தரவு கொல்கத்தா என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்ததால்தான் எங்கள் திங்கட்கிழமை கெட்டது.

தீர்வு மூன்று இருந்தது. சர்வர் பக்கம் பழைய பெயர்களின் மூட்டையை நிறுவலாம். அவரவர் கணினியில் ஜாவாவைக் கிளப்பும்போது நேர மண்டலத்தைச் சொல்லிவிடலாம். அல்லது நிரலின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தம்பி மூன்றாவதைச் செய்து முடித்திருந்தான். ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மேற்கோள் குறிக்குள், நேராக.

“இதையே ஹார்டுகோடு பண்ணிட்டியேப்பா?”

“இந்தியாவுக்கு வேற டைம் வரவா போகுதுங்ணா?”

வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாம் ஆறரையில் இருந்தோம். அதைச் சொல்லிக்கொண்டிருக்காமல், அவன் திரையிலேயே ஒரு கேள்வி தட்டினேன். நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா. 1900 ஜனவரி 1, கிரீன்விச்சில் நள்ளிரவு. இங்கே மணி என்ன? போஸ்ட்கிரெஸ் யோசிக்காமல் சொன்னது: காலை ஐந்து மணி, 21 நிமிடம், 10 விநாடி.

“ஐந்தரை எங்கண்ணா போச்சு?”

1906-க்கு முன்னால் ஐந்தரை கிடையாது. கொல்கத்தா என்று பெயர் எழுதிய அந்தக் கோப்புக்குள், 1870-இலிருந்து அதுவரைக்கும் இருப்பது மெட்ராஸ் நேரம்.